பேருந்து பாதியில் நின்றால், இறங்குவதற்கு முன்பே கேளுங்கள்

பேருந்துக் கட்டணம் தொடர்பான புகார்களைப் பார்ப்பது என் வேலை. பல வருடங்களாக இதே மேசைதான். வருகிற புகார்களில் ஒரு வகை மட்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்: "பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினேன். மறுபடியும் காசு எடுத்துக்கொண்டது." எழுதியவர் மேல் ஒரு தப்பும் இருக்காது. போக வேண்டிய இடத்துக்காகக் காசு கொடுத்திருக்கிறார், அந்த இடம் வரைக்கும் வண்டி போகவில்லை. மிச்ச தூரத்துக்கு அவர் இன்னொரு தடவை கொடுப்பது நியாயமே இல்லை. அப்படியிருந்தும் காசு போகிறது. புகார் எழுதுகிறவர்களாவது பரவாயில்லை. எழுதாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டி ஏன் பாதியில் நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழுது, விபத்து, சாலை மறிப்பு என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஓட்டுநரின் வேலை நேரம் இன்னொரு காரணம். பிரிட்டனில் உள்ளூர்ப் பேருந்து ஓட்டுநர் ஐந்தரை மணி நேரம் வண்டி ஓட்டினால் 30 நிமிட ஓய்வு எடுத்தே ஆகவேண்டும் என்பது பொது விதி. நெரிசலில் மாட்டி அந்த வரம்பு நெருங்கிவிட்டால், மாற்று ஓட்டுநர் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் ஒருவரை நம்பி 50 பேர் உட்காருவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் பயணிகளுக்குக் கோபம் வருவது இதற்கெல்லாம் இல்லை. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று "இந்த வண்டி அடுத்த நிறுத்தத்தோடு முடிகிறது" என்று அறிவிப்பார்கள். அதற்குத்தான் கோபம். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பேருந்து ஐந்து நிமிடம் தாமதமானால், அதற்காகக் காத்திருப்பவர்கள் கூடிவிடுவார்கள். அவர்கள் ஏறி இறங்க நேரமாகும், வண்டி இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் வண்டிக்கு ஏற ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன்வண்டியைப் பிடித்துவிடும். இரண்டு மூன்று வண்டிகள் கல்யாண ஊர்வலம் மாதிரி ஒன்றாகப் போவதும், அதற்கப்புறம் அரை மணி நேரம் ஒன்றுமே வராததும் இதனால்தான். நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கையில் உள்ள வழிகளில் ஒன்று, கூட்டாக ஓடும் வண்டிகளில் ஒன்றைப் பாதியில் முடித்து எதிர்த்திசையில் திருப்பிவிடுவது. எதிர்ப்பக்கம் நெடுநேரமாகக் காத்திருக்கும் நூறு பேருக்கு அதனால் வண்டி கிடைக்கும். உள்ளே இருக்கும் முப்பது பேருக்கு அலைச்சல். அந்த முப்பது பேரிடம் இரண்டாவது தடவை காசு வாங்குவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

சரி, காசு எப்படிப் போகிறது? நீங்கள் ஏறும்போது கட்டணக் கருவியில் அட்டையைத் தட்டியதும் ஒரு சத்தம் வருகிறதே, அந்த நொடியில் கருவி சில விவரங்களை மட்டும் எழுதிக்கொள்கிறது: அட்டையின் எண், வழித்தடம், வண்டி எண், நேரம். சில ஊர்களில் நிறுத்தத்தின் எண்ணும் சேரும். அவ்வளவுதான். நீங்களாக இறங்கினீர்களா, இறக்கிவிட்டார்களா என்பதை எழுத அதில் இடமே இல்லை. நடுவழியில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறியவரும், கடைக்குப் போய்விட்டுச் சாவகாசமாக ஏறியவரும் அதற்கு ஒன்றுதான். இரண்டு தட்டல், நடுவில் இத்தனை நிமிடம். அந்த நிமிடக் கணக்கை வைத்தே இரண்டாவது பயணம் இலவசமா இல்லையா என்று முடிவு செய்கிறது.

அந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் 2016 செப்டம்பரில் வந்த ஹாப்பர் கட்டணப்படி, முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு பேருந்தில் ஏறினால் கூடுதல் கட்டணம் கிடையாது. 2018 ஜனவரி முதல் அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறலாம். டொராண்டோவில் 2018 ஆகஸ்ட் முதல் பிரெஸ்டோ என்ற பயண அட்டைக்கு 2 மணி நேரம். அதே தடத்தில் மறுபடி ஏறினாலும் சரி, திரும்பி வந்தாலும் சரி. இப்படிப்பட்ட இடங்களில் நேரம் மிச்சமிருக்கும்வரை நீங்கள் எதுவும் கேட்கவே வேண்டாம், சலுகை தானாகவே வேலை செய்துவிடும்.

சிங்கப்பூரின் கணக்கு வேறு. அங்கே தூரத்தை வைத்துக் கட்டணம். ஒரு வண்டியில் இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால் ஒரே பயணமாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஆனால் இரண்டாவது வண்டி அதே எண் கொண்ட சேவையாக இருந்தால் அது வண்டி மாறுதலாக எடுத்துக்கொள்ளப்படாது. வழக்கமான நாளில் இது நியாயமான விதி. வண்டி பாதியில் நின்ற நாளில் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஏறப்போவது பெரும்பாலும் பின்னால் வரும் அதே எண் வண்டிதான். தானியங்கிக் கணக்கை மட்டும் நம்பினால் அது புதுப் பயணமாகிவிடும். அதனால் இப்படிப்பட்ட விதி உள்ள எந்த ஊரிலும், இறங்கும்போது அட்டையைத் தட்ட வேண்டுமா, அடுத்த வண்டியில் தட்டாமல் ஏறலாமா என்று ஓட்டுநரிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். அவசரத்தில் தட்டாமல் இறங்கிவிட்டால், தடத்தின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணத்தைக் கருவி எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.

நேரச் சலுகை முடிந்துபோனால், அல்லது விதி குறுக்கே நின்றால், கைகொடுப்பது மாற்றுச் சீட்டுதான். லண்டன் உட்படப் பல ஊர்களில் வண்டி முன்கூட்டியே நிறுத்தப்பட்டால் ஓட்டுநர் இதைக் கொடுப்பார். சின்னக் காகிதம். தடத்தின் எண், தேதி, நேரம், எந்த இடத்தில் நின்றது என்ற விவரம் இருக்கும். அடுத்த வண்டியின் ஓட்டுநரிடம் அதைக் காட்டினால் அட்டையைத் தட்டாமல் ஏறலாம். சீட்டை வாங்கியதும் நேரம் எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். நேரம் இல்லாத சீட்டை அடுத்த ஓட்டுநர் சந்தேகப்பட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. முக்கியமான விஷயம், ஓட்டுநர் தானாகக் கொடுப்பார் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் அவருக்குக் கட்டுப்பாட்டு அறையோடு பேச்சு, பின்னால் ஹாரன் சத்தம், முன்னால் சத்தம் போடும் பயணிகள். "எனக்கு மாற்றுச் சீட்டு வேண்டும்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், வண்டிக்குள் இருக்கும்போதே. கீழே இறங்கி, கதவு மூடி, வண்டி திரும்பிவிட்டால் அப்புறம் யாரிடம் கேட்பது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். மழை பெய்த ஒரு மாலை, தோளில் தூங்கும் குழந்தையோடு ஒரு அம்மா பயணம் செய்தார். 5.48-க்கு ஏறியிருக்கிறார். வண்டி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போய் 6.43-க்கு, அவர் இறங்க வேண்டிய இடத்துக்கு ஐந்து நிறுத்தம் முன்னாலேயே முடிக்கப்பட்டது. ஓட்டுநர் முன்கதவு வழியாக இறங்கியவர்களுக்குச் சீட்டு கொடுத்திருக்கிறார். இவர் குழந்தையோடு கூட்டத்தில் நெருக்க முடியாமல் பின்கதவில் இறங்கிவிட்டார். அடுத்த வண்டி 6.59-க்கு. அவருடைய அட்டைக்கு ஒரு மணி நேரச் சலுகை. முதல் தட்டலிலிருந்து 71 நிமிடம் ஆகிவிட்டது. கருவி முழுக் கட்டணம் எடுத்துவிட்டது. அந்த 71 நிமிடத்தில் 55 நிமிடம் அவர் எங்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் புகார் வந்தது. தடத்தின் எண், "நேற்று சாயங்காலம்", அப்புறம் வங்கி அட்டையின் கடைசி நான்கு எண்கள். தேடிப் பார்த்தோம், அப்படி ஒரு பயணமே பதிவில் இல்லை. அதையே பதிலாகவும் எங்கள் பக்கத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் அவர் போன் செய்தார். "குழந்தையை வைத்துக்கொண்டு மழையில் நின்றேன், நான் ஏறவே இல்லை என்கிறீர்களா?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துபோயிருந்தது. எனக்கு உடனே ஒன்று தோன்றியது. "அட்டையைத் தட்டினீர்களா, போனைத் தட்டினீர்களா?" என்று கேட்டேன். போன் என்றார்.

இது பலருக்குத் தெரியாது. உங்கள் வங்கி அட்டையைப் போனில் சேர்த்தால், பாதுகாப்புக்காகப் போனுக்கென்று தனி எண் ஒன்று உருவாகிறது. பேருந்துக் கருவிக்குத் தெரிவது அந்த எண்தான். கைக்கடிகாரத்தில் சேர்த்தால் அதற்கு இன்னொரு எண். பணம் ஒரே கணக்கிலிருந்து போனாலும், கருவியின் கண்ணுக்கு அட்டை ஒரு ஆள், போன் ஒரு ஆள், கடிகாரம் ஒரு ஆள். அதனால் முதல் வண்டியில் போனைத் தட்டிவிட்டு, சார்ஜ் தீர்ந்ததென்று அடுத்ததில் அட்டையைத் தட்டினால், நேரச் சலுகை அந்த நொடியே அறுந்துபோகும். புகார் எழுதும்போதும் எதைத் தட்டினோம் என்று சொல்லுங்கள். போனுக்கான எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் போனின் பணப்பைச் செயலியிலேயே தெரியும். அந்த அம்மாவுக்குப் பணம் திரும்பிப் போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. தொகை சின்னது, ஆனால் மூன்று வாரம் அவரைப் பொய் சொன்னவர் மாதிரி நிற்க வைத்துவிட்டோமே என்ற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

நடத்துநர் கிழித்துத் தரும் காகிதச் சீட்டில் பயணம் செய்பவர்களுக்கு விஷயம் சுலபம், அந்தச் சீட்டே சாட்சி. இறக்கிவிட்ட கோபத்தில் அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். நடத்துநரே அடுத்த வண்டியை நிறுத்திப் பேசி ஏற்றிவிடும்வரை அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரே இடத்தில் நிற்கும் இருபது பேரை ஏற்றிவிடுவது எளிது, சிதறிப் போனவர்களைத் தேட முடியாது. சாதாரண வண்டிச் சீட்டோடு விரைவு வண்டியில் ஏற முடியுமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வித்தியாசத் தொகை கேட்பது சில இடங்களில் வழக்கம். மாதச் சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கட்டணக் கவலை இல்லை.

காசைவிடப் பெரிய கவலை கடைசி வண்டி. இரவு கடைசி வண்டியைப் பாதியில் முடிக்கிறார்கள் என்றால், இறங்குவதற்கு முன் "இதற்குப் பின்னால் வண்டி இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லச் சொல்லுங்கள். வண்டிக்குள் ஆள் இருக்கிறார், போக வழியில்லை என்று ஓட்டுநர் சொல்லும்போதுதான் அந்தப் பக்கம் மாற்று ஏற்பாட்டை யோசிப்பார்கள். தனியாக வரும் சிறுவர்கள், வயதானவர்கள், பார்வையில்லாதவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்காக நீங்கள் கேளுங்கள். அறிவிப்பு காதில் விழாமல், எல்லாரும் இறங்குகிறார்களே என்று இறங்கிவிடுபவர்கள் அவர்கள்தான்.

காசு போய்விட்டதென்றால் அன்றிரவே பதறி எழுத வேண்டாம். தட்டலையெல்லாம் நாள் முடிவில் சேர்த்துக் கணக்கிடும் ஊர்கள் உண்டு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பைத் தாண்டிய தொகை தானாகவே தள்ளுபடியாகிவிடும். லண்டனில் அந்தக் கட்டண நாள் நள்ளிரவில் முடிவதில்லை, அதிகாலை 4.30-க்குத் தொடங்கி மறுநாள் 4.29 வரைக்கும் ஓடுகிறது. ஓரிரு நாள் பொறுத்து, கணக்கில் உண்மையிலேயே இரண்டு தடவை போயிருந்தால் எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கான விவரங்களை இறங்கும்போதே எடுத்துவையுங்கள். வண்டியின் எண், நின்ற நிறுத்தத்தின் பெயர், நேரம். போனில் ஒரு படம் எடுத்தால் மூன்றும் கிடைத்துவிடும்.

அந்த அம்மாவிடமிருந்து சில மாதம் கழித்து இன்னொரு புகார் வந்தது. அதே தடம், மறுபடியும் பாதியில் நின்ற வண்டி. இந்தத் தடவை வண்டி எண், நிறுத்தம், நேரம், போனைத் தட்டியது என எல்லாமே இருந்தது. பத்து நிமிடத்தில் பதிவை எடுத்து, அன்றைக்கே பணத்தைத் திருப்பி அனுப்ப எழுதினேன். இறங்குவதற்கு முன் சீட்டும் கேட்டிருக்கிறார். ஓட்டுநரிடம் கட்டு தீர்ந்துபோயிருந்ததாம், அதையும் ஒரு வரியில் எழுதியிருந்தார். அந்தப் பணிமனைக்குப் போன் போட்டுக் கேட்டால், இரண்டு வாரமாகவே யாரிடமும் சீட்டுக் கட்டு இல்லை என்றார்கள். மறுநாள் காலை முதல் வண்டி கிளம்புவதற்கு முன் புதுக் கட்டுகள் போய்ச் சேர்ந்தன.