உயிரொளிர்வு

உயிருள்ள ஒன்று தன் உடலில் நிகழும் இரசாயனத் தாக்கத்தால் தானே ஒளியை உண்டாக்கி வெளிவிடுவது உயிரொளிர்வு எனப்படும். இதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லான பயோலூமினசன்ஸ், உயிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் ஒளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் கூடிய கலப்புச் சொல்லாகும். அதன் பின்பாதியை, வெப்பத்தால் எழாத ஒளிக்குப் பெயராக 1888 இல் அமைத்தவர் ஜேர்மனியப் பௌதிகவியலாளர் ஐல்ஹார்ட் வீடமன்.

இந்த ஒளிக்கு வேண்டியவை மூன்று: லூசிபெரின் என்னும் சேர்வை, லூசிபெரேசு என்னும் நொதியம், ஒட்சிசன். நொதியத்தின் துணையால் லூசிபெரின் ஒட்சியேற்றப்படும்போது வெளிப்படும் சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகாமல் ஒளியாகிறது. பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் ரஃபேல் டுபுவா, 1880களில், முதலில் ஒளிரும் வண்டிலும் பின்னர் ஒரு கடல் மட்டியிலும் இதை ஆராய்ந்தார். குளிர்நீரில் எடுத்த சாறு சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்தது. வெந்நீரில் எடுத்த சாறோ ஒளிரவேயில்லை. இரண்டையும் கலந்தபோது மீண்டும் ஒளி தோன்றியது. முதற்சாற்றில் லூசிபெரின் தீர்ந்து நொதியம் எஞ்சியிருந்தது, இரண்டாவதில் நொதியம் வெப்பத்தால் அழிந்து லூசிபெரின் எஞ்சியிருந்தது என்பதே அதன் காரணம். அவர் சூட்டிய பெயர்களின் வேரான லூசிபர் என்னும் இலத்தீன் சொல் ஒளி கொணர்வது என்று பொருள்பட்டு விடிவெள்ளியையும் குறித்தது. சாத்தானின் பெயராக அதைக் கேட்டுப் பழகியவர்கள் இங்கே தயங்க வேண்டியதில்லை.

பழைய நூல்கள் கடலின் ஒளியைப் பொசுபரசின் பெயரோடு சேர்த்துப் பொசுபரொளிர்வு என்று எழுதின. அது பொருந்தாது. பொசுபரொளிர்வு என்பது முன்பு உறிஞ்சிய ஒளியைப் பின்னர் மெல்ல வெளிவிடுவதாகும். கடலுயிரியோ ஒளியைத் தானே ஆக்குகிறது, சிலவேளை தன் உடலில் குடியிருக்கும் பற்றீரியாவைக் கொண்டும் ஆக்குவிக்கிறது. உயிரொளி என்றும் சிலர் எழுதுவதுண்டு. ஆனால் ஒளி என்பது வெளிவரும் பொருளையே சுட்டும். ஒளிர் என்னும் வினையடியிலிருந்து பிறந்த ஒளிர்வுதான் நிகழ்வைச் சுட்டும். ஆகவே உயிரொளிர்வே தக்க சொல்லென்பது என் கருத்து.

ஆழ்கடலில் சூரிய ஒளி மிக மங்கலாகவே எட்டுவதால் அல்லது எட்டாமையால் அங்கே ஒளி ஆயுதமாகவும் மறைப்பாகவும் பயன்படுகிறது. தூண்டில்மீன் தலைக்கு மேல் ஒளிரும் உறுப்பை அசைத்து இரையை ஈர்க்கிறது. கணவாய்களுள் சில, மேலிருந்து வரும் மங்கிய ஒளிக்கு நிகராக வயிற்றுப்புறத்தை ஒளிரச் செய்து, கீழிருந்து பார்க்கும் பகைவனுக்குத் தம் நிழலுரு தெரியாதபடி மறைகின்றன. நீரில் நெடுந்தூரம் செல்வது நீல ஒளியாதலால் கடலின் உயிரொளிர்வு பெரும்பாலும் நீலமாகவே இருக்கும். நிலவற்ற இரவில் துடுப்புப் பட்ட இடத்தில் நீர் பளிச்சிடுவது, அசைவால் தூண்டப்படும் நொக்டிலுக்கா போன்ற நுண்ணுயிரிகளின் செயலாகும். 2019 இல் மன்னார் வளைகுடாவைப் பச்சையாக்கிய பெருக்கமும் நொக்டிலுக்காவினுடையதே.

இச்சொல் தரையில் வாழும் மின்மினிக்கும் பொருந்தும். நிலவில் மின்னும் சூடை மீனின் செதிலுக்குப் பொருந்தாது. அது வெறும் தெறிப்பு.