இன்சுலின் ஊசியை அந்தப் பெண்ணிடம் கொடுக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. எழுபது வயதைத் தாண்டிய பெரியவர், சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, நினைவில்லாமல் கேஷுவாலிட்டிக்கு வந்தார். சுகர் 34, உயிருக்கே ஆபத்தான அளவுக்குக் குறைவு. "எங்க வீட்டு நர்ஸ்தான் ஊசி போட்டாங்க சிஸ்டர், எப்பவும் போடுற 20 யூனிட்தான்" என்றார் மகன்.

உள்ளே போனது 20 இல்லை, 50. மருந்துக் கடையில் இந்த முறை மில்லிக்கு 100 யூனிட் உள்ள பாட்டிலைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் மிச்சமிருந்ததோ 40 யூனிட் பாட்டிலுக்கான சிவப்பு மூடி சிரிஞ்ச். அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி. புதுப் பாட்டிலில் அரை மில்லி என்றால் 50 யூனிட். 100 யூனிட் பாட்டிலுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வாங்கியிருக்க வேண்டும்.

பெரியவர் பிழைத்துவிட்டார். அந்த "வீட்டு நர்ஸ்" வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். பத்தாவது வரை படித்தவர், ஏஜென்சியில் மூன்று மாதப் பயிற்சி. ஏம்மா போட்டே என்று கேட்டேன். "அண்ணன் போடச் சொன்னாரு. மாட்டேன்னா வேலை போயிடும்ல அக்கா."

திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அவர் நர்ஸ் இல்லை. ஏஜென்சிக்காரர் "ஹோம் நர்ஸ்" என்று சொல்லி அனுப்பினாலும் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும் இல்லை. பத்து வருட அனுபவம் இருந்தாலும் இல்லை. ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம் படித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். பதிவு எண்ணைக் கேளுங்கள், இருந்தால் காட்டுவார். நீங்கள் வைத்திருப்பது நர்சிங் அசிஸ்டென்ட். எட்டாவதோ பத்தாவதோ முடித்து, சில மாதமோ ஒரு வருடமோ பயிற்சி எடுத்தவர். ஊசி, ட்ரிப்ஸ், யூரின் டியூப் போடுவது, மூக்கில் டியூப் செருகுவது, மாத்திரை அளவைக் கூட்டிக் குறைப்பது எதுவும் அவர் வேலை இல்லை. (எங்கள் ஆஸ்பத்திரிகளிலும் இரவு ட்யூட்டியில் ஆள் குறைந்தால் இவர்களை என்னவெல்லாம் செய்யச் சொல்கிறார்கள் என்பது தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

அப்படியானால் அவர் வேலைதான் என்ன? காலையில் வாய் சுத்தம் செய்து, படுக்கையிலேயே உடம்பு துடைத்து, டயாப்பர் மாற்றுவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது. புரட்டும்போது இடுப்பு எலும்பு, குதிகால் பக்கம் பார்ப்பது. தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று உடனே சொல்வது. தலைப்பக்கம் உயர்த்தி ஊட்டுவது, ஊட்டிய பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருப்பது. யூரின் பேக்கைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, அளவைக் குறித்துவைப்பது. கைபிடித்து நடக்கவைப்பது. "தாத்தா இன்னிக்கு சரியாப் பேசல" என்று முதலில் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் இவர்தான்.

இத்தனையும் செய்ய வேண்டியவரைத்தான் பாத்திரம் தேய்க்கவும் பேரனை ஸ்கூலில் விடவும் அனுப்புகிறீர்கள். அப்புறம் முதுகில் உள்ளங்கை அகலப் புண்ணோடு வந்து, "நர்ஸ் வெச்சும் இப்படி ஆயிடுச்சே" என்கிறீர்கள்.

சரி, இனியாவது செய்யுங்கள். இன்சுலினை வீட்டில் ஒருவர் முறையாகக் கற்றுக்கொண்டு போடுங்கள். முடியாவிட்டால் பதிவு பெற்ற நர்ஸை அந்த நேரத்துக்கு மட்டும் வரச் சொல்லுங்கள். புதுப் பாட்டில் வாங்கும்போதெல்லாம் 40-ஆ 100-ஆ என்று பார்த்து, அதற்கான சிரிஞ்சை வாங்குங்கள். சாப்பிடாதவருக்கு வழக்கமான ஊசியைப் போட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கனமான ஆளைத் தனியாகத் தூக்கச் சொல்லாதீர்கள், நீங்களும் ஒரு கை பிடியுங்கள்.

தயவுசெய்து இன்னொன்று. டிஸ்சார்ஜ் அன்று நீங்கள் பில் கட்ட வரிசையில் நிற்கும் நேரத்தில், அந்தப் பெண்ணை வார்டுக்கு அனுப்பிவையுங்கள். எப்படிப் புரட்டுவது, மூக்கில் ஏற்கெனவே போட்டிருக்கும் டியூபில் சாப்பாட்டை எவ்வளவு மெதுவாக ஊற்றுவது என்று நாங்களே செய்துகாட்டி அனுப்புகிறோம்.