ரிப்போர்ட் நார்மல், விரல் மட்டும் மடங்கவில்லை

"ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் டாக்டர். அப்போ எனக்கு முடக்குவாதம் இல்லைதானே?" என்று ஃபைலை நீட்டினார் அந்த அம்மா. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்பது உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்; ஆர்.ஏ. ஃபேக்டர் அதற்காகப் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. நான் முதலில் கையைக் காட்டச் சொன்னேன். இரண்டு கைகளிலும் ஆள்காட்டி விரல், நடுவிரல் அடிமூட்டுகள் வீங்கி, முட்டிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய பள்ளம் தூர்ந்துபோயிருந்தது. லேசாக அழுத்தியதுமே கையை இழுத்துக்கொண்டார். காலையில் எழுந்து ஒரு மணி நேரம் குழாயைத் திருகக்கூட முடியாதாம். நான்கு மாதமாக இதே கதை. அந்த ஒரு 'நெகட்டிவ்'வை நம்பியே நான்கு மாதமும் போயிருக்கிறது.

முடக்குவாதம் உள்ளவர்களிலேயே நூற்றுக்கு 20, 30 பேருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாகத்தான் வரும். நோயே இல்லாத முதியவர்கள் சிலருக்குப் பாசிட்டிவாக வரும். ஆன்டி-சிசிபி என்ற எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இதைவிட நம்பகமான தடயம், மூட்டு வலிக்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பேகூட ரத்தத்தில் தென்படலாம். ஆனாலும் எல்லா நோயாளிகளிடமும் அது இருக்காது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் உடம்பில் எங்கோ அழற்சி இருப்பதை மட்டும் சொல்லும். சாதாரணக் காய்ச்சலிலும் ஏறும்.

"ஒரே ரத்தப் பரிசோதனையில் திட்டவட்டமாகக் கண்டுபிடிக்க முடியாதா?" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்வி. அதற்காகத்தான் ரத்தத்தில் இருக்கும் வளர்சிதைப் பொருட்களை, அதாவது உடல் எரிபொருளை எரிக்கும்போது உண்டாகும் சின்னச் சின்ன மூலக்கூறுகளை, ஆய்வாளர்கள் அளந்து பார்க்கிறார்கள். அழற்சி கண்ட மூட்டின் உட்சவ்வில் செல்கள் பெருகி, ஆக்சிஜன் போதாமல் போகிறது. செல்கள் குளுக்கோஸை அரைகுறையாக எரித்து லாக்டேட்டைக் கொட்டுகின்றன. சக்சினேட் சேர்கிறது, அதுவே அழற்சியை மேலும் கிளறுகிறது. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் சிதையும் விதமும் மாறுகிறது. இந்த மாற்றங்களின் சாயல் ரத்தத்திலும் தெரிகிறதா என்பதுதான் தேடல்.

சிக்கல் என்னவென்றால், மாடிப்படி ஏறினாலும் லாக்டேட் கூடும். புகைபிடித்தல், சர்க்கரை நோய், சாப்பிடும் ஸ்டீராய்டு எல்லாமே இந்த அளவுகளை மாற்றும். பலர் யோசிக்காத இன்னொன்று, ஊசியில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் குழாய்க்குள் உயிரோடு இருக்கின்றன. உடனே பிரித்தெடுக்காமல் சும்மா வைத்தால், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுகொண்டே லாக்டேட்டை வெளிவிடும். இரண்டு மணி நேரம் மேசையில் கிடந்த குழாயை அளந்தால், மூட்டில் நடந்ததோடு குழாய்க்குள் நடந்ததும் கலந்தே வரும். ஓரிடத்தில் கிடைத்த முடிவு இன்னோரிடத்தில் கிடைக்காமல் போக இதுவும் ஒரு காரணம். எனக்கு இந்த ஆராய்ச்சியில் நம்பிக்கை உண்டு. ஆனால் அந்த ஒரே பரிசோதனை வரட்டும் என்று மூட்டைக் காக்க வைக்கக் கூடாது.

வளர்சிதைப் பொருளை வைத்து மூட்டு நோயைத் தேடுவது புதிதும் அல்ல. கௌட், அதாவது யூரிக் ஆசிட் படிகங்கள் மூட்டில் சேர்ந்து வரும் வாதம், உள்ளவர்களின் ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடியிருப்பதை 1848-இல் ஆங்கிலேய மருத்துவர் ஆல்ஃபிரட் கேரட் காட்டினார். பின்னாளில் ரத்த நீரில் நூலைப் போட்டு வைத்து, அதில் படிகம் படிகிறதா என்றும் பார்த்தார். இத்தனை பழைய பரிசோதனையே இன்றும் ஏமாற்றும். வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் நார்மலாகவே வரலாம். அளவு கூடியிருந்தும் பலருக்கு கௌட் வருவதே இல்லை. சந்தேகம் வந்தால் மூட்டு நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் ஊசி போன்ற படிகங்களைத் தேடுகிறோம்.

முடக்குவாதத்தை வகைப்படுத்த 2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த அளவுகோலில் மொத்தம் 10 புள்ளிகள். அதில் எத்தனை மூட்டுகள், எந்த மூட்டுகள் என்பதற்கே 5 வரை. ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சேர்ந்து 4. மீதி ஒன்று, தொந்தரவு ஆறு வாரம் நீடித்ததா என்பதற்கு.

அந்த அம்மாவுக்கு அல்ட்ராசவுண்டில் அழற்சி தெளிவாகத் தெரிந்தது. சிகிச்சை தொடங்கியாயிற்று.

காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, விரல் மூட்டுகளில் வீக்கம், கை குலுக்கினாலே வலி என்று இருந்தால், ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். அதற்குள் நீங்களாக ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிட்டால் வீக்கம் மறைந்து எங்களுக்கும் தடம் கிடைக்காது. அப்புறம், மதியத்துக்குள் வீக்கம் வடிந்துவிடுகிறது என்றால், காலையிலேயே போனில் கையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வாருங்கள்.