கன்றின் கழிச்சலும் குழந்தையின் வயிற்றுப்போக்கும்: ஒரே வைரஸ் குடும்பத்தின் இரு முகங்கள்

வைரஸின் மரபணுத் துண்டுகளை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் வெள்ளிச் சாயம் ஏறத் தொடங்கும்போது, அதுவரை வெறுமையாக இருந்த பரப்பில் பழுப்பு நிறக் கோடுகள் மெல்லத் துலங்கி வரும். மேலே நான்கு, சற்று இடைவெளி விட்டு இரண்டு, அடுத்து ஒன்றோடொன்று நெருங்கிய மூன்று, அடியில் இரண்டு. இந்தப் பதினொரு கோடுகளின் அடுக்கைக் கண்டதும், மாதிரியில் இருப்பது ஏ பிரிவு ரோட்டா வைரஸ் என்று முடிவு செய்துவிடலாம். ஆனால் அது கைக்குழந்தையின் மலமா, பிறந்து பத்து நாளான கன்றின் சாணமா என்பதை அந்த அடுக்கு சொல்லாது. கால்நடை நோய் ஆய்வகத்தில் பணியாற்றத் தொடங்கிய காலத்திலிருந்தே என்னை விடாமல் யோசிக்க வைத்தது இந்த ஒற்றுமைதான்.

இந்த வைரஸ் முதலில் கண்ணில் பட்டது கன்றிடம்தான். 1969இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சார்லஸ் மீபஸ் குழுவினர், கழிச்சல் கண்ட கன்றுகளின் சாணத்தில் இதனை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே கண்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1973இல், மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் சிறுகுடல் திசுவில் இதே வடிவத் துகள்களைக் கண்டனர். இரண்டு இடத்திலும் நோய் நடக்கும் விதம் ஒன்றே. சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல நீண்டிருக்கும் விரலிகளின் நுனியிலுள்ள செல்கள் அழிவதால் நீரையும் சத்தையும் உறிஞ்சும் திறன் குறைகிறது. வைரஸ் உண்டாக்கும் ஒரு புரதம் நச்சுப்பொருள் போலச் செயல்பட்டு நீரைக் குடலுக்குள் சுரக்கச் செய்கிறது. நோயுற்றவரின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கான துகள்கள் வெளியேறும். தொற்றுவதற்கோ நூற்றுக்கும் குறைவான துகள்களே போதும்.

ரோட்டா வைரஸின் மரபணுத் தொகுதி பதினொரு தனித்தனித் துண்டுகளாக இருப்பதே இதன் தனித்தன்மை. ஒரே செல்லுக்குள் மனித வைரஸும் மாட்டு வைரஸும் ஒருசேர நுழைய நேர்ந்தால், புதிதாக உருவாகும் துகள் சில துண்டுகளை ஒன்றிடமிருந்தும் மீதியை மற்றொன்றிடமிருந்தும் எடுத்துக்கொள்ள முடியும். இதனால்தான் வெளிப்புறப் புரதங்கள் இரண்டையும் தனித்தனியே வகைப்படுத்துகிறோம்: ஒன்று ஜி வகை, மற்றொன்று பி வகை. மனிதரிடம் ஜி1 பி8, ஜி2 பி4, ஜி9 பி8, ஜி12 பி8 ஆகிய சேர்க்கைகள் மிகுதி. மாடுகளிடம் ஜி6, ஜி10 ஆகியவையும், பி5, பி11 ஆகியவையும் வழக்கமாகக் காணப்படும். குழந்தையின் மாதிரியில் மாட்டுக்குரிய வகை தென்பட்டால், நாங்கள் அதைக் கூடுதல் கவனத்துடன் பார்க்கிறோம்.

அப்படிப்பட்ட கலப்பு வைரஸ் ஒன்று மருந்தாகவே மாறிய வரலாறும் உண்டு. 1980களில் புதுதில்லியில், நோய் அறிகுறி ஏதுமில்லாத பச்சிளம் குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட 116ஈ என்ற வைரஸ் ஜி9 பி11 வகையைச் சேர்ந்தது. அதன் பெரும்பகுதி மனித வைரஸ். பி11 புரதத்தை உண்டாக்கும் துண்டு மட்டும் மாட்டு வைரஸிலிருந்து வந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்து 2016 முதல் இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பெங்களூரில் பச்சிளம் குழந்தைகளிடம் கண்டறியப்பட்ட ஐ321 வைரஸோ இதற்கு எதிர்த்திசையில் உருவானது: அதன் ஒன்பது துண்டுகள் மாட்டுக்குரியவை, இரண்டே துண்டுகள் மனிதருக்குரியவை. பி11 புரதம், பச்சிளங்குழந்தையின் குடலில் மிகுதியாக இருக்கும் ஒருவகைச் சர்க்கரைத் தொடரில் பற்றிக்கொள்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. பிறந்த சில நாட்களுக்குள்ளேயே குழந்தைகளிடம் இந்த வகை காணப்படுவதற்கு அது பொருத்தமான விளக்கமாக அமைந்தது.

எங்கள் பணியில் மனவருத்தம் தரும் ஒரு சொல் உண்டு: ‘வகைப்படுத்த இயலவில்லை’. மரபணுவைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையில் பயன்படும் முன்தொடர்கள் (வைரஸின் மரபணுவில் பொருந்தி ஒட்டும் சிறு மரபணுத் துணுக்குகள்), ஏற்கெனவே அறிந்த மனித வகைகளுக்கென வடிவமைக்கப்பட்டவை. வைரஸ் மாறியிருந்தாலோ விலங்கிடமிருந்து வந்திருந்தாலோ அவை சரியாகப் பொருந்துவதில்லை. பலர் அந்த மாதிரியை அத்துடன் ஒதுக்கிவிடுகின்றனர். என் கருத்தில், முழு மரபணு வரிசையை அறிவதற்கு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியவை அவைதாம்.

அதே நேரத்தில், மாட்டு வகையை ஒரு குழந்தையிடம் கண்டதும் ‘இன்ன வீட்டுக் கன்றிடமிருந்து பரவியது’ என்று எழுதுவதும் தவறு. கலப்பு நெடுங்காலத்துக்கு முன்பே நிகழ்ந்து, அந்த வைரஸ் மனிதர்களுக்கிடையே பரவிவந்திருக்கலாம். பதினொரு துண்டுகளின் வரிசையையும் ஒப்பிட்டு, அதே காலத்தில் அதே சூழலில் எடுத்த விலங்கு மாதிரியோடு பொருத்திப் பார்த்த பிறகே ஓரளவு உறுதியாகப் பேச முடியும். விலங்கு மாதிரியும் குழந்தை மாதிரியும் வெவ்வேறு ஆய்வகங்களில், ஒன்றை ஒன்று அறியாமல் உறைந்து கிடக்கும் வரை இந்த ஒப்பீடு நடக்காது.

கால்நடை வளர்ப்போரிடம் நான் சொல்வது இதுதான். கன்றுக்குப் பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் போதிய அளவு கிடைக்க வேண்டும். முதல் நாளோடு நிறுத்தாமல் தொடர்ந்து சில நாட்கள் கொடுத்தால், அதிலுள்ள எதிர்ப்பொருள் குடலில் தங்கிக் காக்கும். சினைப் பசுவுக்குத் தடுப்பூசி போடுவதும் சீம்பாலின் வழியாகவே பயன் தருகிறது. கழிச்சல் கண்ட கன்றைத் தனியே கட்டுங்கள். அதைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உடனே உப்பு சர்க்கரைக் கரைசல் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாகத்தை மருத்துவர் ஆலோசனைப்படி 10 முதல் 14 நாட்கள் கொடுக்க வேண்டும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது.

மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதிரியை நோய் தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் எடுத்துக் குளிர்நிலையில் அனுப்புங்கள். அதனுடன் வரும் படிவத்தில் வயதும் தேதியும் மட்டுமே இருந்தால், எங்களால் பாதிக் கதையைத்தான் படிக்க முடியும். வீட்டில் கன்றோ ஆட்டுக்குட்டியோ பன்றிக்குட்டியோ உண்டா, கடந்த இரண்டு வாரத்தில் அதற்குக் கழிச்சல் இருந்ததா என்று ஒரே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.