தயவுசெய்து அந்த மீனை ஏரியில் விடாதீர்கள்

சென்ற வாரமும் ஒரு புகைப்படம் வந்தது. தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்ட ஓர் ஏரி. குடியிருப்போர் நலச் சங்கத்தினர் வரிசையாக நின்று பிளாஸ்டிக் பைகளைத் தண்ணீரில் கவிழ்க்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பையில் கம்பூசியா. இன்னொன்றில், தட்டை வயிறும் அடிப்பக்கம் வாயுமாக, மீன் கடைக்காரர்கள் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் மீன். படத்தோடு ஒரு குறிப்பு: "கொசுவும் ஒழியும், ஏரியும் சுத்தமாகும். உங்கள் சார்பில் ஒரு வாழ்த்து அனுப்புங்கள் சார்."

வாழ்த்து அனுப்பவில்லை. மீன் வளர்ப்போருக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். மீனை வாங்கும்போது யாரும் என்னைக் கேட்பதில்லை, விட்ட பிறகுதான் படம் வருகிறது. அதனால் பொதுவில் எழுதிவிடுகிறேன்.

முதலில் கம்பூசியா. அமெரிக்காவின் தென்பகுதி நீர்நிலைகளைச் சேர்ந்த இந்தச் சிறு மீன் 1928-இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. வந்த நாள் முதல் 'கொசு ஒழிப்பு மீன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அது கொசுப்புழுவைத் தின்னும், இல்லையென்று சொல்லவில்லை. கொசுப்புழுவை மட்டுமா தின்கிறது? தவளையின் தலைப்பிரட்டையைத் தின்னும். மற்ற மீன்களின் முட்டையையும் பொரித்த குஞ்சையும் தின்னும். தன்னைவிடப் பெரிய மீனின் துடுப்பையும் வாலையும் கடித்துக் குதறும். தும்பியின் இளம்புழுவையும் விடாது. அந்தத் தும்பிப்புழு கொசுப்புழுவைத் தின்று வாழ்வது என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே கூலி வாங்காமல் வேலை செய்துகொண்டிருந்தவனை விரட்டிவிட்டுப் புது ஆளை நியமிக்கிறோம்.

நம் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் நீர்மட்டத்தை ஒட்டி, தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன, அசையாமல் நிற்கும் சின்ன மீனைப் பார்த்திருப்பீர்கள். கொசுப்புழு தின்பதில் அது கம்பூசியாவுக்குக் குறைந்ததல்ல. கடையில் கிடைக்காது என்பதால் அதற்கு மதிப்பில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டத்துக்குக் கூட்டம் இதையே கேட்கிறார்கள். "டெங்கு பரவுகிறது சார், அதனால்தான் ஏரியில் மீன் விட்டோம்." டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஏரியில் முட்டையிடுவதில்லை. உங்கள் மொட்டை மாடியில் கிடக்கும் டயரில், தேங்காய்ச் சிரட்டையில், மூடாத குடத்தில், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டில் இடுகிறது. சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் வேறு கொசு. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் நகரங்களில் கிணற்றையும் மேல்நிலைத் தொட்டியையும் தேடிப் போகும். வீட்டுக்குள் வளரும் கொசுவுக்கு ஏரியில் போய் மீன் விட்டு என்ன பயன்? ஏரியில் ஆயிரம் கம்பூசியா நீந்தினாலும் உங்கள் டயருக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. வாரம் ஒரு முறை அந்தத் தண்ணீரைக் கொட்டிப் பாத்திரத்தைத் தேய்த்துக் காய வைத்தால் போதும். மீனே தேவையில்லை.

"ஒரு ஜோடிதானே விட்டோம்" என்பார்கள். ஜோடிகூட வேண்டாம். கம்பூசியா முட்டையிடாது, குஞ்சு போடும். ஒரு முறை இணைந்த பெண் மீன் ஆணின் விந்தை மாதக்கணக்கில் தன் உடலிலேயே சேமித்து வைத்து அடுத்தடுத்துக் குஞ்சுகளை ஈனும். ஒற்றைப் பெண் மீன் போதும், ஏரி நிறைந்துவிடும். அரசுத் துறைகளே இதைப் பல ஊர்களில் விநியோகித்திருக்கின்றன என்பது தெரியும். ஓடையோடு தொடர்பில்லாத கட்டுமானத் தொட்டியில் விட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஏரியில் விட்டால் வருவேன்.

டேங்க் கிளீனர் எதையும் சுத்தம் செய்வதில்லை. பாசியைச் சுரண்டித் தின்றுவிட்டு நிறையக் கழிவு போடும். தென் அமெரிக்க மீன். விரல் நீளத்தில் வாங்கி வருகிறீர்கள், அரை மீட்டர் வரை வளர்கிறது. தொட்டியில் இடமில்லை, கொல்ல மனமில்லை, ஏரிக்குப் போகிறது. அங்கே கரை மண்ணைக் குடைந்து வளை தோண்டி அதற்குள் முட்டையிடுகிறது, ஆண் காவல் இருக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்துப் பலப்படுத்திய கரையை உள்ளேயிருந்து அரிப்பதற்கு நீங்களே ஆள் அனுப்புகிறீர்கள். அதன் உடல் முழுக்க எலும்புத் தகடு, துடுப்பில் முள். வலையில் சிக்கினால் மீனவருக்கு வலை போச்சு. வாங்க ஆளில்லாத மீனுக்காக அவர் வலையைப் பின்னிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1997-இலேயே மத்திய அரசு தடை செய்த மீன். கோழிக்கடைக் கழிவைக் கொட்டி ரகசியமாக வளர்க்கிறவர்களுக்கு அது தெரியும். மழைவெள்ளத்தில் ஒரு குளத்துக் கரை உடைந்தால், அந்த ஊர் விரால், குரவை, அயிரை, ஆரல் எல்லாவற்றுக்கும் அதுதான் எமன். வெள்ளம் என்ன செய்யும் என்பதற்கு 2018 கேரள வெள்ளமே சாட்சி. அமேசானின் அரபைமாவும் அமெரிக்காவின் முதலை மூக்கு மீனும் அங்கே ஆற்று வலைகளில் சிக்கின. எல்லாம் யாரோ ஆசையாக வளர்த்தவை.

ஆசையாக வளர்த்தவர்களையும் நலச் சங்கங்களையும் மட்டும் திட்டினால் நியாயமாகாது. படித்தவர்கள் நல்லெண்ணத்தோடு செய்ததற்குக் காவிரியே உதாரணம். முதுகில் திமிலும் ஆரஞ்சு நிற வாலுமாக அங்கே ஒரு மஹ்சீர் (கெண்டைக் குடும்பத்து ஆற்று மீன்) இருந்தது, உலகத்தின் மிகப் பெரிய மஹ்சீர்களில் ஒன்று. ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள மீன்களைத் தூண்டிலில் பிடித்ததாகப் பழைய பதிவுகள் உண்டு. அணைகளாலும் வெடி வைத்துப் பிடிப்பதாலும் அது குறைந்துகொண்டே வந்தபோது, 'மஹ்சீரைக் காப்போம்' என்று மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். அந்தக் குஞ்சுகள் வேறு இனம், நீலத் துடுப்பு மஹ்சீர். ஆற்றில் மஹ்சீர் எண்ணிக்கை கூடியது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். தூண்டில்காரர்கள் வைத்திருந்த பதிவேடுகளை ஆய்வாளர்கள் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது: பெருகியது வந்தேறி, ஆற்றுக்கு உரியது ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. எந்த இனம் என்று அறிவியல் பெயர் உறுதியானதே 2018-இல்தான். அதே ஆண்டு அது 'அழிவின் விளிம்பில்' என்ற பட்டியலில் ஏறியது. இன்று அதற்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடம் நீலகிரி அடிவாரத்தின் மோயாறு.

காவிரி மீன் என்று நீங்கள் ருசித்துச் சாப்பிடும் கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளிக்காரர்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1957-இல் ஹிராலால் சவுத்ரி ஊசி போட்டு மீனை முட்டையிட வைத்துக் காட்டிய பிறகு, குஞ்சு லாரியில் ஏற்றும் சரக்காகிவிட்டது. இந்தத் தொழிலில் பிழைப்பவன் நான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பொரிப்பகத்தில் ஒரு சில தாய் மீன்களிடமிருந்து எடுத்த குஞ்சுகள் ஏறக்குறைய உடன்பிறப்புகள். அவற்றைப் பண்ணைக் குளத்தில் விடுவது வேறு, அதே இனம் இயல்பாக வாழும் ஆற்றில் கொட்டுவது வேறு; அங்கே அவை ஆற்று மீன்களோடு இணைந்து அந்த இனத்தின் மரபணுவிலேயே கலந்துவிடும். சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்க வைத்த செய்தி 2018-இல் வெளியானபோது உலகமே கொதித்தது. அவர் சிறைக்குப் போனார். கொதித்தது சரிதான். 'இது தலைமுறை தலைமுறையாகத் தொடருமே, திருப்பி எடுக்க முடியாதே' என்று அன்று கேட்டவர்கள், ஆற்றில் கொட்டும் குஞ்சுகளைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள். சென்னைக் கொளத்தூரில் வாங்கியிருந்தால் அங்கேயே எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், காசு கேட்காமல் கொடுங்கள். நண்பர் தொட்டிக்குக் கொடுங்கள். எதுவும் முடியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள், வலியின்றிக் கொல்ல வழி உண்டு. செல்லப்பிராணியாக விற்கும் சிவப்புக் காது ஆமைக்கும் இதேதான். தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் கொட்டாதீர்கள், செடிக்கு ஊற்றுங்கள். அதில் குஞ்சும் நத்தை முட்டையும் இருக்கும்.

பரிகாரமாகக் கோயில் குளத்தில் மீன் விட நினைப்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் தாழ்ந்து கேட்கிறேன். உங்கள் நம்பிக்கையில் நான் குறுக்கே நிற்கவில்லை. அந்தக் குளத்திலேயே வாழும் உயிர்களுக்குத் தீங்கில்லாமல் செய்யுங்கள். குளத்துக் குப்பையை ஒரு நாள் அள்ளுங்கள், அதுவும் உயிருக்குச் செய்யும் உதவிதான்.

தூர்வாரிய ஏரியில் மீன் இல்லையே என்று பதறாதீர்கள். வரத்துக் கால்வாயை அடைக்காமல் வைத்திருந்தால் மழைத் தண்ணீரோடு உள்ளூர் மீன்கள் தாமாக வரும். விட்டே ஆக வேண்டும் என்றால், விடுவதற்கு முன்பு மாவட்ட மீன்வள அலுவலகத்தைக் கேளுங்கள். பண்ணை வைத்திருப்பவர்கள் வெளியேறும் குழாய்க்கு வலை கட்டுங்கள், பருவமழைக்கு முன் கரையை உயர்த்துங்கள்.

உங்கள் ஏரியில் டேங்க் கிளீனர் வலையில் சிக்கினால் திரும்ப உள்ளே எறியாதீர்கள். கரையில் போட்டுவிட்டும் போகாதீர்கள், காற்றைச் சுவாசித்து மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஒரு மழை பெய்தால் நழுவித் தண்ணீருக்குள் போய்விடும். கொன்று, குழி தோண்டிப் புதையுங்கள். எங்கே, எத்தனை, எவ்வளவு நீளம் என்று குறித்துப் படத்தோடு மீன்வள அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.