கோலி நாய்க்கு ஆட்டு ஊசி போடாதீர்கள்

போன வருஷம் சித்திரையில், களக்காட்டுப் பக்கமிருந்து ஒரு அண்ணாச்சி ஆட்டோவில் ராணியைக் கொண்டுவந்தார். மூன்று வயது ரஃப் கோலி, இருபத்திரண்டு கிலோ, செம்பழுப்பும் வெள்ளையுமாக நீள முடி. பாளையங்கோட்டையில் என்னிடம் வருகிற நாய்களில் நாட்டுநாய், லேப்ரடார், சிப்பிப்பாறைதான் அதிகம். கோலி வருஷத்துக்கு நாலைந்து வந்தாலே பெரிது.

ராணி நடந்தது, ஆனால் நேராக நடக்கவில்லை. பின்கால் இரண்டும் பின்னிக்கொண்டு வந்து கிரில் கேட்டில் நேராக முட்டியது. கேட் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. காலை பதினோரு மணி வெயில், அந்த வெளிச்சத்திலும் கண்மணி இரண்டும் இருட்டில் இருப்பதுபோல அகலமாக விரிந்து கிடந்தன. வாயோரம் எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தா டாக்டரம்மா. சொறிஞ்சுக்கிட்டே இருக்கான்னு ஒரு ஊசி போட்டோம்."

"என்ன ஊசி அண்ணாச்சி?"

பக்கத்து வீட்டுக்காரர் ஆடுகளுக்குப் போட்டுவிட்டு மீதி வைத்திருந்த ஐவர்மெக்டின், புழுவுக்கும் சொறிக்கும் போடுகிற மருந்து. அரை மில்லி. அவர்கள் வீட்டு நாட்டுநாய்க்கும் அதே ஊசியைத்தான் போட்டிருக்கிறார்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் பயமில்லாமல் போட்டிருக்கிறார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லா நாய்க்கும் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒரு காவல் இருக்கிறது. பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம், உள்ளே நுழையப் பார்க்கும் சில மருந்துகளை உடனே வெளியே தள்ளிவிடும். அந்தப் புரதத்தை உண்டாக்குகிற மரபணுவுக்கு எம்டிஆர்1 என்று பெயர். கோலிகளில் பத்துக்கு ஏழு நாய்களிடம் இந்த மரபணு பழுதாக இருக்கிறது, 2001-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பழுதான மரபணு வந்த நாய்க்கு அந்தக் காவல் அறவே இல்லை. மற்ற நாய்களுக்குச் சொறிக்கு நானே எழுதித் தருகிற அளவு, இதற்கு மூளைக்குள் இறங்கிவிடும். முறிமருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி, கண் காய்ந்துவிடாமல் களிம்பு போட்டு, படுத்த பக்கமே புண்ணாகிவிடாமல் மூன்று மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டு, மருந்து தானாக வடியும்வரை காத்திருக்க வேண்டும். அது நாள்கணக்கில் இழுக்கும், சில நாய்க்கு வாரக்கணக்கிலும் ஆகும்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய பேச்சு உண்டு: வெள்ளைக் கால் நாய் என்றால் ஐவர்மெக்டினைத் தொடாதே. மரபணுப் பரிசோதனை இருக்கிறது, கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால் போதும். பார்க்கவில்லையென்றால் உங்கள் கோலிக்குப் பழுது இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், கோலிக் கலப்பு நாய்க்கும் அப்படியே. டோரமெக்டின் ஊசியும் இதே வகைதான். அப்புறம் வீட்டு மருந்து டப்பாவில் கிடக்குமே, வயிற்றுப்போக்கை நிறுத்துகிற லோபெரமைடு மாத்திரை, அதையும் கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் இன்னொரு வழியிலும் இந்த மருந்து உள்ளே போகும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடற்புழுவுக்காக ஐவர்மெக்டின் கொடுத்தால், அதில் பெரும்பங்கு சாணியிலும் புழுக்கையிலும்தான் வெளியேறும். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டிருக்கும்போது கோலியை அவிழ்த்துவிட்டால் அது புழுக்கையைத் தின்னாமல் வராது. மந்தைக்கு மருந்து கொடுத்த வாரங்களில் நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும்.

சரி, ஐவர்மெக்டின் கூடாதென்றால் உண்ணிக்கு என்னதான் செய்வது? ஃப்ளூராலனர் மாத்திரையை இந்த மரபணுப் பழுதுள்ள கோலிகளிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், தாங்கிக்கொண்டன. வலிப்பு வந்த நாயாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்ணியைச் சும்மா விடவும் கூடாது. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணு இறங்கி மூக்கிலிருந்து ரத்தம் வடிய வந்த நாய்களை நிறையப் பார்க்கிறேன். நீள முடிக்குள் உண்ணி கண்ணில் படாது, காதின் பின்புறத்திலும் விரலிடுக்கிலும் கையை விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும்.

இந்த முடி ஸ்காட்லாந்து மலைச்சாரலில் தூறலிலும் குளிரிலும் ஆடு மேய்த்த நாய்க்கு வாய்த்தது. நம் கரிசலில் உருவான கன்னி நாய்க்கும் சிப்பிப்பாறைக்கும் முடி ஏன் ஒட்டினாற்போல் இருக்கிறது என்று யோசித்தாலே புரியும். அதனால் ஏப்ரல் பிறந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், "மொட்டை அடிச்சிருவோமா டாக்டரம்மா?" வேண்டாம். மேல்முடி வெயிலை நேரே தோலில் படவிடாமல் தடுக்கிறது, மொட்டையடித்தால் தோல் வெந்துபோகும், திரும்ப வளரும்போது திட்டுத்திட்டாக வரும். எடுக்க வேண்டியது அடியில் பஞ்சுபோலக் கழன்று நிற்கிற உள்முடியை. லேசாகத் தண்ணீர் தெளித்து, இடது கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரிகிற அளவுக்கு வரிவரியாகப் பிரித்துச் சீவுங்கள். மேலாக மட்டும் வாரினால் பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே காதடியிலும் தொடையிடுக்கிலும் சடை விழுந்திருக்கும். வாரம் இரண்டு தடவை, முடி கொட்டுகிற காலத்தில் தினமும்.

நடை விடியற்காலை ஆறு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். மூச்சிரைப்பு அடங்காமல், ஈறு செக்கச்செவேலென்று மாறினால் தண்ணீர் ஊற்றி, காற்றாடிக்குக் கீழே கிடத்தி, உடனே கொண்டுவாருங்கள். உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம். தாமிரபரணியில் குளிப்பாட்டினால் துண்டால் துடைத்தது போதாது, அடிமுடி காயும்வரை உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் தங்கி, ஒரே ராத்திரியில் உள்ளங்கை அளவு தோல் புண்ணாகி, அதில் புழு வைத்து வந்த கோலியும் உண்டு.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நீலச்சாம்பலில் திட்டுத்திட்டாக இருக்கிற மெர்ல் நிறத்துக்கு விலை அதிகம் சொல்வார்கள். தாய் தகப்பன் இரண்டுமே மெர்ல் என்றால் அந்தக் குட்டி வேண்டாம், அப்படிப் பிறப்பதில் நாலில் ஒன்றுக்குத் தாய், தகப்பன் இரு பக்கத்திலிருந்தும் மெர்ல் மரபணு வரும், காது கேட்காமலோ கண் தெரியாமலோ போக வாய்ப்பு அதிகம்.

ராணி ஐந்தாம் நாள் தலையைத் தூக்கியது. ஒன்பதாம் நாள் தானாக எழுந்து தண்ணீர்ச் சட்டிவரை நடந்தது. தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "ஐவர்மெக்டின் கூடாது" என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி அதை வாங்கிப் படித்துவிட்டு, "இன்னொரு சீட்டுல எழுதிக் குடுங்க டாக்டரம்மா, பக்கத்து வீட்டுல குடுக்கணும்" என்றார்.