வீட்டு பீரும் நாக்கின் சாட்சியமும்

நொதித்த பானங்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் நுண்ணுயிரியலாளராகப் பணியாற்றுகிறேன். ஆலைகளிலிருந்து வரும் மாதிரிகளைத் தவிர, வீட்டில் தம் கைப்படப் பீர் தயாரிப்பவர்களும் அவ்வப்போது ஒன்றிரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. அப்படி வந்த ஓர் இளைஞர், தடித்த குளியல் துண்டில் சுற்றிய பாட்டில் ஒன்றைப் பச்சைக் குழந்தையைப்போல் இரு கைகளிலும் ஏந்திவந்து, மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கி நின்றார். அதனுடன் இருந்த இரண்டு பாட்டில்கள் முந்தைய இரவு அலமாரிக்குள்ளேயே வெடித்துவிட்டன என்றும், கண்ணாடிச் சில்லுகள் கதவுப் பலகையில் குத்தி நின்றன என்றும் சொன்னார். அதன்பிறகு அவர் கேட்ட கேள்விதான் எனக்கு வியப்பளித்தது: "மேடம், இதில் மெத்தனால் இருக்குமா?"

வீட்டில் பீர் தயாரிப்பவர்களின் அச்சம் பெரும்பாலும் இப்படித் தவறான இடத்தில்தான் குடிகொண்டிருக்கிறது. மெத்தனால் என்பது முதன்மையாகப் பெக்டின் சிதைவதால் உருவாவது. பெக்டின் பழங்களில் மிகுதி, மால்ட் ஆக்கிய, அதாவது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையில் மிகக் குறைவு. எனவே முறையாக நொதித்த பீரில் மெத்தனால் தீங்கு செய்யும் அளவை நெருங்குவதில்லை. செய்திகளில் நாம் படிக்கும் பார்வை இழப்புகளுக்கும் உயிரிழப்புகளுக்கும் பெரும்பாலும் காரணம், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலை மதுவில் கலந்து விற்கும் கயமையே. வடித்திறக்குவது முற்றிலும் வேறு விவகாரம். அது பெரும்பாலான நாடுகளில் வீட்டில் செய்யத் தடைசெய்யப்பட்டதும்கூட. பீரைக்கூட வீட்டில் தயாரிக்க எல்லா நாடுகளும் அனுமதிப்பதில்லை என்பதால், பாத்திரத்தை அடுப்பில் ஏற்றும் முன் தத்தம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

இனி அந்த பாட்டிலுக்கு வருவோம். இளைஞரிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. தயாரித்தது சைசான் எனப்படும் பெல்ஜிய வகை ஏல் பீர். ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டிலைத் திறந்து, நண்பர்கள் சொன்ன கருத்துகளை அக்கறையாக எழுதி வைத்திருந்தார். இரண்டாம் வாரம்: "இளம் இனிப்பு, பழ மணம்." நான்காம் வாரம்: "இனிப்பு குறைந்திருக்கிறது, நுரை அருமை." ஏழாம் வாரம்: "இனிப்பே இல்லை, நாக்கில் சுருக்கென்று ஏறுகிறது, இதுவரை செய்ததில் இதுதான் முதல் தரம்." ஒன்பதாம் வாரம் பாட்டில்கள் வெடித்தன. பாராட்டாக எழுதப்பட்ட அந்த மூன்று வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், பாட்டிலுக்குள் ஈஸ்ட் இன்னும் வேலையை நிறுத்தவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்காது. இனிப்பு எங்கே போகிறது, வாயு எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை எளிய கணக்குத்தான். பாட்டிலில் அடைக்கும் நேரத்தில் லிட்டருக்குச் சுமார் 6 கிராம் சர்க்கரை சேர்த்தால், ஈஸ்ட் அதைத் தின்று, ஒரு லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 2.5 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும். இது பெரும்பாலான ஏல் வகைகளுக்குப் பொருத்தமான அளவு. 20 டிகிரி செல்சியஸில் இதன் அழுத்தம் ஏறக்குறைய கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்குச் சமம். சாதாரண பீர் பாட்டில் இதைத் தாங்கும். ஆனால் நொதித்தல் முடியாமலேயே அடைத்துவிட்டால், ஹைட்ரோமீட்டரில் (நீரோடு ஒப்பிட்டு அடர்த்தியைக் காட்டும் கருவி; சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும்) 0.001 என்ற ஒவ்வொரு இறக்கத்துக்கும் லிட்டருக்கு அரை லிட்டர் வாயு கூடுதலாகச் சேரும். இளைஞர் 1.012 அளவில் அடைத்திருந்தார். அவர் கொண்டுவந்த பாட்டிலை நன்றாகக் குளிரவைத்து, கண்ணையும் முகத்தையும் மறைக்கும் கவசம் அணிந்து, வாயுவை மெல்ல வெளியேற்றி அளந்தபோது 1.003 காட்டியது. ஒன்பது படிகள், அதாவது நான்கரை லிட்டர் கூடுதல் வாயு. கணக்குப்படி பாட்டிலுக்குள் இருந்த அழுத்தம் இயல்பானதைப்போல் மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது.

அவர் செய்த தவறு மிகப் பொதுவானது. நொதிகலனின் மூடியில் வாயுவை வெளியே மட்டும் விடும் காற்றுப்பூட்டில் குமிழி நின்றதும் நொதித்தல் முடிந்தது என்று முடிவுகட்டிவிட்டார். குமிழி நிற்பதற்கு அறை குளிர்ந்ததோ மூடியில் கசிவு இருந்ததோகூடக் காரணமாக இருக்கலாம். மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்தால் மட்டுமே முடிந்ததாகக் கொள்ள வேண்டும். அதுவும் சைசான் போன்ற வகைகளுக்குப் போதாது. அவற்றுக்குப் பயன்படும் ஈஸ்ட் இனங்கள் சில, டயாஸ்டாட்டிகஸ் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. பிற ஈஸ்ட்களால் தொட முடியாத, டெக்ஸ்ட்ரின் எனும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் நொதி சுரந்து உடைத்து, வாரக்கணக்கில் நிதானமாகத் தின்றுகொண்டே இருக்கும். இத்தகைய ஈஸ்ட்டை வாங்கும்போது உறையில் உள்ள குறிப்பைப் படிப்பதும், நொதிக்கவிடும் முன் சிறிதளவு மால்ட் சாற்றைத் தனியே எடுத்து அதில் ஈஸ்ட்டை அளவுக்கு அதிகமாகப் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, இறுதி அளவு எவ்வளவு என்று முன்கூட்டியே அறிந்துகொள்வதும் வீண் வேலையல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் சேர்த்து நிரப்பிவிடுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். விரலால் அழுத்தினால் அது கல்லாக இருக்கிறதா, கொஞ்சமாவது அமுங்குகிறதா என்பதிலேயே மற்ற பாட்டில்களின் நிலை தெரிந்துவிடும்.

இதே வெடிப்பு, அழையாமல் நுழைந்த காட்டு ஈஸ்ட்டாலும் நேரலாம். அப்போது பெரும்பாலும் நாக்கே முதலில் எச்சரிக்கும்: புளிப்போ, இதற்குமுன் இல்லாத கிராம்பு மணமோ, ஒரே பெட்டியில் ஒரு பாட்டில் மட்டும் பொங்கி வழிவதோ தென்படும். கழுவுவதும் கிருமி நீக்குவதும் வெவ்வேறு வேலைகள். அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் எந்தக் கிருமிநீக்கியும் பலிப்பதில்லை. கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் போடுங்கள். குளோரின் பிளீச்சையும் அமிலக் கழுவியையும் ஒருபோதும் கலக்காதீர்கள். வெளிவருவது நச்சு வாயு.

கருத்துப் பகிர்வைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதால், சுவைக் குழுக்களுக்குப் பயிற்சி தரும் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். "நன்றாக இருக்கிறது" என்ற சொல்லை எங்கள் சுவைக் கூடத்தில் தடைசெய்திருக்கிறேன். அது குடிப்பவரின் மகிழ்ச்சியைத்தான் சொல்கிறது, கோப்பையில் உள்ளதைச் சொல்வதில்லை. அதற்குப் பதில் வெண்ணெய், வேகவைத்த சோளம், பச்சை ஆப்பிள், நனைந்த அட்டை, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் என்று பொருளின் பெயரைச் சொல்லும்படி கேட்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. வேகவைத்த சோளம் என்றால் மால்ட் சாற்றை மூடி போட்டுக் கொதிக்கவிட்டிருக்கலாம். பிளாஸ்டர் என்றால் குழாய் நீரின் குளோரின் பீரிலுள்ள பீனால்களோடு சேர்ந்திருக்கலாம். நனைந்த அட்டை என்றால் காற்று பட்டுப் பழசாகிவிட்டது.

வெண்ணெய் மணத்தைத் தரும் டயாசெட்டில் தனிக் கவனம் பெற வேண்டியது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவிலேயே பலருடைய மூக்குக்குப் பட்டுவிடும் அது, பாட்டிலில் அடைக்கும் நாளில் மறைந்திருந்து, சில வாரங்களில் தலைகாட்டும் இயல்புடையது. ஏனெனில் அப்போது பீரில் இருப்பது மணமற்ற அதன் முன்பொருள் மட்டுமே. ஆய்வகமே தேவைப்படாத ஒரு சோதனை இதற்கு உண்டு. இரண்டு சிறு கண்ணாடிக் கோப்பைகளில் பீரை ஊற்றி அலுமினியத் தாளால் மூடி, ஒன்றை மட்டும் 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்திவைத்து, பிறகு இரண்டையும் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து மோந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் மணந்தால் அவசரப்படக் கூடாது. ஈஸ்ட்டோடு இன்னும் இரண்டு மூன்று நாள், சற்றே வெதுவெதுப்பாக விட்டுவைத்தால் ஈஸ்ட்டே அதை விழுங்கிவிடும்.

குறைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்து செய்யும் பிழை, எல்லா பீரிலும் குறை காண்பது. ஒன்றில் குறையாக இருப்பது இன்னொன்றில் அதன் உயிராக இருக்கும். செக் நாட்டு பீரான பில்ஸ்னர் உர்க்கெல்லில் மெல்லிய டயாசெட்டில் சாயல் அதன் அடையாளங்களில் ஒன்று. பவேரியக் கோதுமை பீரின் கிராம்பும் வாழைப்பழமும் ஈஸ்ட் வேண்டுமென்றே தருபவை. ஜெர்மனியின் பாம்பர்க் நகரத்து ஷ்லென்கெர்லா பீரை முதல்முறை குடிப்பவர், பீச் (beech) மரப்புகையில் உலர்த்திய மால்ட்டின் மணத்தைக் கண்டு எதுவோ தீய்ந்துவிட்டது என்றே நினைப்பார். என் விருப்பத்தைக் கேட்டால் தயங்காமல் ஓர்வால் என்பேன்: பெல்ஜியத் துறவிகளின் மடத்தில் உருவாகும் அந்த பீரில் பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட்டைப் பாட்டிலில் அடைக்கும்போதே சேர்க்கிறார்கள், இளமையில் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் மணம், மாதங்கள் கழிந்தால் தோலும் குதிரை லாயமும் கலந்த ஒரு விந்தையான வறண்ட சுவை. வேறெந்த பீரில் அந்த லாய வாடை வந்தாலும் நானே கீழே கொட்டியிருப்பேன். ஓர்வாலின் பாட்டிலும் நொதித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு நொதிக்கும் என்று அளந்து, அதற்கேற்ற தடித்த கண்ணாடியில் அடைத்திருக்கிறார்கள்.

அளவைப் பற்றிய பேச்சு இங்கேயே முடிந்துவிடவில்லை. இளைஞரின் பீர் 1.056 இல் தொடங்கியது. தொடக்க அளவுக்கும் முடிவு அளவுக்கும் உள்ள வேறுபாட்டை 131.25 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் விழுக்காடு தோராயமாகக் கிடைக்கும். அடைத்த நாளில் அவர் கைப்பட எழுதி ஒட்டிய சீட்டு 5.8 என்றது, உள்ளே இருந்ததோ 7. கடையில் வாங்கும் பாட்டிலில் அச்சிட்ட எண் இருக்கிறது. நண்பர் ஊற்றித் தரும் கோப்பையில் இருப்பது நண்பரின் நம்பிக்கை மட்டுமே. 5 விழுக்காட்டு பீர் 330 மில்லி குடித்தால் உடலுக்குள் போவது 13 கிராம் ஆல்கஹால். 9 விழுக்காட்டில் அரை லிட்டர் என்றால் 35 கிராம். இரண்டையுமே "ஒரு பாட்டில்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மதுபானங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 இலேயே முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது என்பதையும் தயாரிப்பவர் மறந்துவிடக் கூடாது. மனச்சோர்வுக்கு எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மருந்து உட்கொள்பவருக்கு வீட்டு பீரைக் கொடுக்கவே கூடாது. சூடேற்றிப் பதப்படுத்தாத பீரில் டைரமின் என்ற வேதிப்பொருள் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு, அது இரத்த அழுத்தத்தைத் திடீரென்று எகிறவைக்கும். வாற்கோதுமையின் குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இதனால் பயந்து ஆல்கஹால் இல்லாத பீரை வீட்டில் செய்யலாம் என்று கிளம்புபவர்கள்தான் எனக்கு அதிகக் கவலையளிப்பவர்கள். சாதாரண பீரில் நோய்க்கிருமிகள் வளராததற்கு ஆல்கஹால், ஹாப்ஸ், குறைந்த பி.எச். (அதாவது அமிலத்தன்மை), ஆக்சிஜன் இன்மை ஆகிய நான்கும் கூட்டாகக் காவல் நிற்பதே காரணம். ஆல்கஹாலை எடுத்துவிட்டால் காவல் தளர்ந்துவிடும், பி.எச். அளவை உறுதிசெய்து, முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்த வசதியில்லாதவர்கள் அதைக் கையில் எடுக்காமல் இருப்பதே மேல். நொதிக்காத சாற்றைக் காற்றுப்புகாமல் அடைத்து அறை வெப்பத்தில் நாள்கணக்கில் வைப்பதும் ஆபத்தானதே. அதன் பி.எச். 5 க்கு மேல் இருப்பதால், பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுப் பாதிப்பை உண்டாக்கும் கிருமிக்கு அது வசதியான இடமாகிவிடக்கூடும்.

பாட்டில்கள் மிகையாக அழுத்தம் ஏறியிருக்கின்றன என்ற ஐயம் எழுந்தால், அவற்றைக் குலுக்காமல், முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் கண்ணையும் முகத்தையும் மறைக்கும் கவசமும் அணிந்து, துணியால் மூடிய நிலையிலேயே குளிர்பதனப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். குளிர்ந்தால் வாயு கரைந்து அழுத்தம் இறங்கும். உறையவிட்டால் மட்டும் பீர் விரிந்து பாட்டிலை உடைத்துவிடும். ஒருநாள் முழுதும் குளிர்ந்தபின், துண்டால் மூடியபடியே திறப்பானால் மூடியின் ஓரத்தை மயிரிழை அளவு நெம்பி, சீறல் அடங்கும்வரை பொறுத்திருந்து விட்டுவிட வேண்டும். இதைத் தொலைபேசியில் அருகிலிருப்பதுபோல் சொல்லிக்கொடுக்க, இளைஞர் அன்றே குளிரவைத்து, மறுநாள் மாலை மீதமிருந்த பதினெட்டு பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து தொட்டியில் கொட்டினார். பதினொன்றாவது பாட்டிலைத் திறந்தபோது நுரை கூரையைத் தொட்டதாகப் பிற்பாடு எழுதினார். அதே கடிதத்தில், அவருடைய குறிப்பேட்டில் நண்பர்களின் கருத்துகளுக்கு எதிரே இப்போது இன்னொரு பத்தியும் இருக்கிறது என்றும், அன்றைய ஹைட்ரோமீட்டர் அளவை எழுதிய பிறகே கோப்பையை யாரிடமும் நீட்டுவதாகவும் சொல்லியிருந்தார்.